இருபது சொட்டு பிரேக் ஆயில்

கொல்லிமலை போவதென்றால் எனக்கு ஒரு முறை உண்டு. காரவள்ளி அடிவாரத்தில் ஒரு டீ. 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்ததும் சோளக்காட்டில் இன்னொரு டீ. அங்கே சந்தையில் மிளகோ பலாப்பழமோ நல்லதாகக் கிடைத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செம்மேடு பக்கம் மெதுவாக ஒரு சுற்று.

போன வருஷம் மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனோம். பின் சீட்டில் மனைவி, வண்டியின் இரண்டு பக்கமும் பை. எங்கள் தெருத் தம்பி ஒருவன் தன்னுடைய புது வண்டியில் கூட வந்தான். சோளக்காட்டில் டீ குடிக்கும்போது, "உங்க டூரிங் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவன், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாடியே கேட்டான்.

"அண்ணா, முன் பிரேக் எப்பவுமே இப்படித்தான் இருக்குங்களா?"

"எப்படி?"

"லீவர் பாதி தூரம் சும்மா போகுதுங்க. அப்புறந்தான் புடிக்குது. உள்ளே ஸ்பான்ஜ் வெச்ச மாதிரி இருக்குதுங்ணா."

போய் அழுத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் பிடிக்கிற அதே பிரேக். "உன் வண்டி புதுசு, அதான் உனக்கு அப்படித் தெரியுது" என்றேன். அவன் விடவில்லை. "என்னோடதை ஒருக்கா புடிச்சுப் பாருங்க" என்றான். பிடித்தேன். ஒரு விரல் அகலம்கூடப் போகவில்லை. கல்லில் முட்டின மாதிரி லீவர் நின்றது. திரும்ப என் வண்டிக்கு வந்து பிடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. லீவர் போகிறது, போகிறது, கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்துதான் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகிறது.

ஏழு வருஷம், 62,000 கிலோமீட்டர் ஓட்டிய வண்டி. லீவர் ஒரே நாளில் இப்படிக் கீழே போயிருந்தால் அன்றைக்கே வண்டியை ஓரம் கட்டியிருப்பேன். அது தினமும் மயிரிழை மயிரிழையாகப் போனது. என் விரல்களும் அதே அளவுக்கு மயிரிழை மயிரிழையாகக் கூடுதலாக மடங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. கை பழகிவிட்டது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்: பிரேக் விஷயத்தில் நம் கையே நம்மை ஏமாற்றும். அதனால் கையை நம்பாமல் தேதியை நம்புங்கள்.

அன்றைக்கு இறங்கும்போது பைகளைத் தம்பி வண்டிக்கு மாற்றினோம். மனைவி மட்டும் என் பின்னால். நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்கள் சொல்வார்கள், ஏறுகிற கியரிலேயே இறங்கணும் என்று. அதை அன்றைக்கு அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். முழுக்க இரண்டாவது கியர், இன்ஜின் இழுவை, பின் பிரேக், முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது. பத்து வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டோம். "என்னங்க, இன்னிக்கு இவ்வளவு நிதானம்?" என்று மனைவி கேட்டாள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு லீவர் எங்கே நிற்கிறது என்று தெரிய வழியே இல்லை. அந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் சொன்னேன்.

லீவருக்குள் நடப்பது

முன் பிரேக்கை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் ஹோஸை யாரும் அலட்சியமாக விட மாட்டார்கள். அதனால் ஒரு சின்னக் கணக்கு.

லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன பிஸ்டன். அதன் விட்டம் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே சக்கரத்தில் இருக்கும் காலிப்பரில் 32 மி.மீ. பிஸ்டன் இரண்டு. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பது பாஸ்கல் விதி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பரப்பளவைக் கணக்குப் போட்டால், மேலே கொடுக்கிற விசை கீழே ஒவ்வொரு பிஸ்டனிலும் ஏழு மடங்காகிறது. லீவரே ஒரு நெம்புகோல் என்பதால் அங்கேயும் சில மடங்கு கூடுகிறது. 350 கிலோ பாரத்தை, அதாவது வண்டி, நான், மனைவி, பை எல்லாவற்றையும் சேர்த்து, இரண்டு விரல் நிறுத்துவது இப்படித்தான்.

விசை பெருகினால் தூரம் குறையும். மேலே இருக்கிற பிஸ்டன் முழுசாக 10 மி.மீ. நகர்ந்தாலும் அது தள்ளுகிற பிரேக் ஆயில் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றுகிற கணக்கில் ஒரு மில்லி என்பது சுமார் 20 சொட்டு. முன் பிரேக்கின் மொத்த மூலதனம் அந்த இருபது சொட்டு.

இப்போது ஹோஸைப் பாருங்கள். கம்பெனியில் மாட்டி வருவது பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். உள்ளே ரப்பர் குழாய், அதைச் சுற்றி நூல் பின்னல், வெளியே இன்னொரு ரப்பர் உறை. புதிதாக இருக்கும்போது அழுத்தினால் கொஞ்சம்தான் உப்பும். வயசாக ஆக ரப்பர் தளர்ந்து, உப்புவது கூடும். அந்த உப்பலுக்குள் ஐந்து சொட்டு போய் நின்றுகொண்டால் லீவரின் கால் பங்கு காலி. ஹோஸுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் இருந்தாலும் இதே கதைதான். ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். நாம் பிடிக்கிற பிடி அந்தக் குமிழை நசுக்கவே செலவாகிவிடும்.

இன்னொரு கணக்கு, மலை இறக்கத்துக்கானது. மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றலைச் சூடாக மாற்றினால், பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். இன்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் முழுக்க டிஸ்க், பேடு, காலிப்பர் வழியாகத்தான் போகணும். அந்தச் சூட்டில் கொஞ்சம் பிரேக் ஆயிலுக்கும் வரும்.

இங்கேதான் ஆயிலின் வயது பேசும். டாட் 4 ஆயில் பாட்டிலைத் திறந்த புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வரும். ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அப்போது லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது.

ஹோஸில் எழுதியிருந்த வருஷம்

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹோஸின் மேலே வெள்ளை எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை. ஈரத்துணியால் துடைத்தபோது தயாரித்த வருஷம் தெரிந்தது. 2017. வண்டி வாங்கியது 2018.

அடுத்து, ஹேண்டில்பாரை முழுக்க வலது பக்கம் திருப்பிவிட்டு ஹோஸைக் கையால் மடக்கிப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டரில் இரும்புக் கப்பு முடிந்து ரப்பர் தொடங்குகிற இடத்தில், நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு மடக்கினதும் வாயைத் திறந்தது. வெயிலில் காய்ந்த களிமண் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள், அதில் ஒன்று மட்டும் ஆழமாக. விரல் நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. அடியில் நூல் பின்னல் தெரிந்தது.

இதில் என் பங்கும் இருக்கிறது. தூரப் பயணத்தில் முதுகு வலிக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன் ஹேண்டில்பாருக்கு அடியில் 30 மி.மீ. ரைசர் போட்டேன். முதுகு வலி குறைந்தது. ஆனால் ஹேண்டில்பார் ஏறின அளவுக்கு ஹோஸ் நீளவில்லை. நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. முழுக்கத் திருப்பும்போதுதான் ஹோஸ் விறைத்து, அந்தக் கப்பு முனையை இழுக்கும். பார்க்கிங்கில் வண்டியைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அங்கே ஓர் இழுப்பு. ரைசர் போட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கே இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி ஹோஸைப் பாருங்கள்.

பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். நான்கைந்து இடத்தில் 'பிரேக் ஆயில் டாப் அப்' என்று இருந்தது. 'மாற்றியது' என்று ஒரு பில்லிலும் இல்லை. டாப் அப் என்பதை நான் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். மேலே டப்பாவில் மட்டம் குறையும். மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்கணும், எங்காவது கசிகிறதா என்று பார்க்கணும். சும்மா ஊற்றி நிரப்பினால் அந்த அறிகுறி மறைந்துவிடும். பழைய ஆயிலும் உள்ளேயேதான் கிடக்கும். ஜப்பானியக் கம்பெனிகளின் வண்டிப் புத்தகங்கள் பலவற்றில் இதற்குத் தெளிவான கெடு போட்டிருப்பார்கள்: ஆயில் இரண்டு வருஷம், ஹோஸ் நான்கு வருஷம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே கணக்கு. ரப்பருக்கு வயசாவது எல்லா வண்டியிலும் நடக்கிற விஷயம் என்பதால் என் வண்டியின் பெயரை இங்கே சொல்லவில்லை.

எந்த ஹோஸ்?

இரண்டு வழி இருந்தது. கம்பெனி ரப்பர் ஹோஸையே புதிதாக வாங்குவது ஒன்று. ஸ்டீல் பின்னல் ஹோஸ் இன்னொன்று. இதில் உள்ளே டெஃப்லான் குழாய், அதைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப் பின்னல், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. டெஃப்லானும் ஸ்டீலும் அழுத்தத்துக்கு அவ்வளவாக உப்பாது; இருபது சொட்டும் சேதாரமில்லாமல் கீழே போய்ச் சேரும். ஈரமும் சுவர் வழியாக உள்ளே வருவது குறைவு. ரைசர் காரணமாக எனக்கு நீளமான ஹோஸ் வேண்டியிருந்தது. கம்பெனி ஹோஸ் ஒரே நீளத்தில்தான் வரும். அதனால் அளவு சொல்லிச் செய்து வாங்குகிற ஸ்டீல் பின்னல் ஹோஸையே எடுத்தேன். ரைசர் இல்லையென்றால் புது ரப்பர் ஹோஸே போதும். ஏழு வருஷ ரப்பரோடு ஒப்பிட்டால் புது ரப்பர் எவ்வளவோ மேல்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. பிளாஸ்டிக் உறை இல்லாத ஸ்டீல் ஹோஸ் அரம் மாதிரி. எதில் உரசுகிறதோ அதை அறுக்கும். பெயிண்டையும் ஒயரையும் விடாது. அடுத்தது பேஞ்சோ போல்ட்டின் மரை. நடுவில் துளையுள்ள போல்ட் அது. ஆயில் அதன் வழியாகத்தான் போகும். எம்10 போல்ட்டிலேயே 1.0 மரை, 1.25 மரை என்று இரண்டு உண்டு. பிரெம்போ வகையறாவில் 1.0, ஜப்பானிய நிஸ்ஸின், டோக்கிக்கோவில் 1.25 என்பது பொதுவான வழக்கம். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டு ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய மாஸ்டர் சிலிண்டரின் மரை போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஜேசிபி, டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ணித் தருகிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. "அங்கேயே அடிச்சுக்கலாம், பாதி விலைதான்" என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ஹோஸ்களின் உட்பக்க ரப்பர் பெரும்பாலும் மினரல் ஆயிலுக்காகச் செய்தது. பிரேக் ஆயில் பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். பிரேக்குக்கான ரப்பர் இதற்கு நேர் எதிர்: பிரேக் ஆயிலைத் தாங்கும், மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும். பிரேக் பாகங்களைப் பெட்ரோல், டீசல், கிரீஸால் துடைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். பிரேக் ஹோஸ் என்று அச்சிட்டு, தரக் குறியீடும் தேதியும் உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

இரண்டு ஹோஸ், நான்கு போல்ட், எட்டுச் செம்பு வாஷர் எல்லாம் சேர்த்து ரூ.4,200 ஆனது. இரண்டு ஹோஸ் எதற்கென்றால், என் வண்டியில் ஏபிஎஸ் உண்டு. 2018 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு அது கட்டாயமானது தெரியும்தானே? மாஸ்டர் சிலிண்டரிலிருந்து டேங்குக்கு அடியில் உள்ள ஏபிஎஸ் யூனிட்டுக்கு ஒன்று, அங்கிருந்து காலிப்பருக்கு ஒன்று. ஒவ்வொரு முனையிலும் ஹோஸின் இரண்டு பக்கமும் ஒரு வாஷர். அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒரு தரம் நசுங்கினதைத் திரும்பப் போடக் கூடாது.

ஒரு சனிக்கிழமை

நான் மெக்கானிக் இல்லை. செயின், ஆயில், பேடு மாற்றுகிற அளவுக்குப் பழக்கம் உண்டு. அதனால் எங்கள் ஏரியாவில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போய், "நானே செய்யறேன், நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டாப் போதும்ண்ணா" என்று கேட்டேன். சரி என்றார். முதல் தடவை பிரேக்கில் கை வைக்கிறவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வேலையாகப் பழைய ஹோஸ் போகிற பாதையை எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ எடுத்தேன். எந்த கிளிப்பில் மாட்டியிருக்கிறது, எந்த ஒயருக்கு முன்னால் போகிறது, பேஞ்சோ எந்தக் கோணத்தில் நிற்கிறது, எல்லாமே. பிறகு டேங்கைக் கழற்றினோம். மட்கார்டு, ஹெட்லைட் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஈரத்துணி. பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். ஆனால் தண்ணீரில் கரையும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம். பக்கெட் தண்ணீர், ஒரு கட்டு பனியன் வேஸ்ட், கையுறை, கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து, மெடிக்கலில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சினேன். வரக்காப்பி நிறம். பக்கத்தில் புது பாட்டிலில் இருந்தது வெளிர் தேன் நிறம். டப்பாவின் அடியில் சேறு மாதிரி ஒரு கறுப்புப் படிவு; அதைத் துணியால் துடைத்தெடுத்தோம்.

ஏபிஎஸ் யூனிட்டில் ஹோஸைக் கழற்றினதும் அண்ணன் விரலால் துளையை அடைத்து, சின்ன ரப்பர் மூடியைச் செருகினார். "இதுக்குள்ள மட்டும் காத்து போகக் கூடாது. போச்சுன்னா சில வண்டிக்கு கம்ப்யூட்டர் மாட்டி உள்ளே இருக்கிற பம்பை ஓட்டினாத்தான் வெளியே வரும்" என்றார். ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புது ஹோஸ்களைப் பழைய பாதையிலேயே நுழைத்து, எல்லா போல்ட்டையும் விரலாலேயே திருகினேன். விரலில் இறங்காத மரை ஸ்பேனரில் இறங்கக் கூடாது என்பது அண்ணனின் விதி. இறுக்குவதற்கு முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினோம். முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க் முழுக்கத் தொங்குகிற நிலையில் பார்த்தோம். இறக்கி, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கியும் பார்த்தோம். எங்கேயும் இழுக்கவில்லை, முறுக்கவில்லை, டயரில் படவில்லை. அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச். பேஞ்சோ போல்ட்டின் இறுக்கம் வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற எண்தான் உங்களுக்கு. துளையுள்ள போல்ட் என்பதால் கை பலத்தில் முறுக்கினால் அறுந்துவிடும்.

ஏர் எடுக்கிறது

இனிமேல்தான் பொறுமைக்கு வேலை. காலிப்பரின் நிப்பிளில் ஒரு தெளிவான டியூப். அதன் மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கணும். லீவரை அழுத்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, ஆயிலும் குமிழும் வரும், நிப்பிளை மூடு, பிறகு லீவரை விடு. மூடாமல் லீவரை விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்கணும்.

ஒரு மணி நேரம் செய்தோம். டியூபில் ஒரு குமிழும் இல்லாமல் தேன் நிற ஆயில் வருகிறது. லீவரோ கைப்பிடி வரைக்கும் போகிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டதோ? மாஸ்டர் சிலிண்டர் வாஷரே போய்விட்டதோ? அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"காத்து மேலே போகுமா, கீழே வருமா?"

"மேலேதான்ண்ணா."

"இந்த லைன்ல எல்லாத்துக்கும் மேலே இருக்கிற இடம் எது?"

மாஸ்டர் சிலிண்டர் பேஞ்சோ. ஹோஸ் அங்கே ஒரு சின்ன மேடு ஏறி இறங்குகிறது. அந்த மேட்டில் குமிழ் உட்கார்ந்துகொண்டால், கீழே இருக்கிற நிப்பிள் வழியாக எவ்வளவு எடுத்தாலும் அசையாது. பேஞ்சோவைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைச் சுற்றினோம். அவர் லீவரை அழுத்திப் பிடிக்க, நான் போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், துணியில் நுரை. உடனே இறுக்கினேன். மூன்று தடவை இப்படி.

பிறகு ஒரு வேலை சொன்னார். அதை ரசித்துச் செய்தேன். ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை மேடாக்கிக்கொண்டு, லீவரை முழுக்க அழுத்தாமல் முனையில் மட்டும் தட்டித் தட்டி விடுவது. டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், அடியிலிருக்கும் ஊசித் துளை வழியாகக் குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. வந்து, மேற்பரப்பில் ஒரு நொடி நின்று, உடைகின்றன. ஒவ்வொரு குமிழுக்கும் லீவர் இறுகுவது விரலில் தெரிகிறது. இருபது நிமிஷத்தில் குமிழ் நின்றது. லீவரும் நின்றது, ஒரு விரல் அகலத்திலேயே.

சாயங்காலம் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, மேலே டிஷ்யூ பேப்பர் சுற்றி, லீவரை ஜிப் டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் நான்கு டிஷ்யூவும் காய்ந்தே இருந்தன. டேங்கை மாட்டி, தெருவில் நடக்கிற வேகத்தில் பத்து தடவை பிரேக் அடித்துப் பார்த்தேன். பிறகு 20, பிறகு 40. ஏபிஎஸ் விளக்கு ஒழுங்காக அணைகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவில்லை. பட்டறையில் கழிவு ஆயிலுக்கென்று தனி கேன் வைத்திருக்கிறார்கள், அங்கே போனது. மிச்சமிருந்த பாட்டிலையும் கொடுத்துவிட்டேன். திறந்த பாட்டில் ஈரம் இழுக்கும். அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

அறுத்துப் பார்த்தது

பழைய ஹோஸை அண்ணன் பிளேடால் குறுக்கே அறுத்துக் காட்டினார். கப்புக்குப் பக்கத்தில் ஓர் அறுப்பு, நடுவில் ஓர் அறுப்பு. நடுவில் துளை வட்டமாக இருந்தது. கப்புக்குப் பக்கத்தில் உட்சுவர் வீங்கி, துளை பிறை வடிவத்துக்குச் சுருங்கியிருந்தது. அந்த இடத்தில் ரப்பரைக் கிள்ளினால் மாவு மாதிரி கையோடு வந்தது.

"இது இன்னும் கொஞ்ச நாள்ல வேற மாதிரி படுத்தும்" என்றார். உட்சுவர் முழுக்கத் தளர்ந்துவிட்டால் அதுவே ஒரு கதவு மாதிரி ஆகிவிடுமாம். லீவரை அழுத்தும்போது ஆயிலைக் கீழே விடும். விடும்போது திரும்ப விடாது. பேடு டிஸ்க்கைப் பிடித்தபடியே இருக்கும், சூடேறும், சூட்டில் இன்னும் இறுகும். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும்.

அந்தத் துண்டை வீட்டில் சாவி மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். மனைவி கேட்டதற்கு அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். துண்டைக் கையில் வாங்கி, பிறை வடிவத் துளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதை வெச்சுக்கிட்டா நம்ம போன தீபாவளிக்கு வால்பாறை போய்ட்டு வந்தோம்?" என்றாள். ஆமாம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே 40ஐயும் இதே ஹோஸோடுதான் இறங்கினோம். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

டார்ச் அடித்து ஹோஸில் அச்சடித்த வருஷத்தைப் படியுங்கள். நான்கு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கப்பு முனைகளில் ஹோஸை மெல்ல மடக்கி வெடிப்பு பாருங்கள். ஆயில் டப்பாவின் கண்ணாடியில் நிறம் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள், டாப் அப் வேண்டாம். ஆயிலை மாற்றும்போது மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, டாட் 5.1 என்பது டாட் 4-இன் இனம். எண் நெருக்கமாக இருப்பதால் ஒன்று என்று நினைத்துக் கலந்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வண்டியை ஓட்டிப் பழகாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். பிரேக் எப்படி என்று கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால், "உன் வண்டி புதுசு, அதான்" என்று நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

இன்சூரன்ஸ் முடிகிற தேதி நமக்குத் தெரியும். புகைச் சான்றிதழ் தேதியும் தெரியும். என் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் பக்கவாட்டில் இப்போது ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. ஆயில் மாற்றிய மாதம், அடுத்து மாற்ற வேண்டிய மாதம், ஹோஸ் மாட்டிய வருஷம், மூன்றையும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். வண்டியில் ஏறும்போது பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாலும் படிக்க முடிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.